மூன்று நாள் அவகாசம்

வண்டியை வாசலில் நிறுத்தாதீங்க தம்பி. பின்பக்கம் கொண்டுபோய் முருங்கைக்குப் பக்கத்தில் நிறுத்துங்க. அந்தக் கொக்கிக் கம்பியை இந்தத் துண்டால் மூடிக்கொள்ளுங்க. எதிர்மாடியில் நிற்கிற அம்மா துணி காயப்போடவில்லை. அரை மணி நேரமாக ஒரே பாவாடையை உதறிக்கொண்டிருக்கிறது. நான் போன் பேசினது காதில் விழுந்திருக்கும்.

உள்ளே வாங்க. செருப்போடவே வாங்க, பரவாயில்லை. நானும் நேற்றிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை.

அடுத்த தெரு எமிலி டீச்சர்தான் உங்க நம்பர் கொடுத்தாங்க. பாம்பு பிடிக்கிற தம்பி, பேர் அருள்தாஸ், அடிக்காமல் உயிரோடு பிடித்துக்கொண்டு போவார் என்றாங்க. அந்த வார்த்தையை வீட்டுக்குள் இந்த ஒரு தடவைதான் சொல்வேன். இனி ‘அது’ என்றுதான் சொல்வேன். நீங்களே புரிந்துகொள்ளுங்க. பேர் சொன்னால் கூப்பிட்ட மாதிரி.

மணி இப்போது பத்தே முக்கால். பன்னிரண்டரைக்கு என் மகள் வந்துவிடுவாள். சிவரஞ்சனி என்று பேர். ஏழு மாதம். காலையில் ராஜபாளையத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். அதற்குள் அது இந்த வீட்டில் இருக்கக் கூடாது. இருந்த அடையாளமும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? பெற்றவள் வளைகாப்புக்குப் போகாமல் இங்கே செருப்போடு நிற்கிறாளே என்றா? முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். கால் வீங்கிவிட்டது, வேனில் ஏற முடியாது என்று. அவள் போனில், “சரிம்மா” என்றாள். அந்த ‘சரிம்மா’ இருக்கிறதே, அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் வாங்கி வைத்த வளையலை என் நாத்தனார் போட்டுவிட்டிருப்பாள். போடட்டும். அவளும் நல்லவள்தான். ஆனால் அவள் கைக்கு வளையல் போடத் தெரியாது, நெரித்துவிடும்.

எங்கே பார்த்தேன் என்றா கேட்டீங்க? சொல்கிறேன். நேற்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். பின்னால் துணி துவைக்கிற கல்லில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படித் தொட்டித் தண்ணீர் வெளியே விழுகிறதே, அந்த ஓட்டை. அதில் ஏதோ வால் மாதிரி உள்ளே போனது. முதலில் ஓணான் என்று நினைத்தேன். ஓணான் வால் அவ்வளவு நேரம் போகாது தம்பி. போய்க்கொண்டே இருந்தது. கோதுமை நிறம். நான் கையில் பிடித்திருந்த தேங்காய் நார் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

இவர், எங்கள் வீட்டுக்காரர், பஸ் டெப்போவில் மெக்கானிக். அப்போது டூட்டியில் இருந்தார். நான் என்ன செய்தேன்? கத்தவில்லை. கத்தினால் எதிர்மாடிக்குக் கேட்கும். ஓடிப்போய் மிச்சமிருந்த அரை மூட்டை சிமெண்டைக் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தேன். குளியலறை ஓட்டைக்குத் துணி. ஏசிக்குப் போட்ட துளைக்கு நெகிழிப் பை. ஏசி வாங்கவில்லை, துளை மட்டும்தான். வாசல் கதவுக்கு அடியில் கோணி. ஜன்னலையெல்லாம் சாத்தினேன். சுற்றிலும் பூண்டைத் தட்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். இனி ஒன்று உள்ளே வந்துவிடுமா பார்க்கலாம் என்று.

என்ன? சிரிக்காதீங்க. அடைத்தால் உள்ளே போனது எப்படி வெளியே வரும் என்று எனக்கும் தெரியும். காலையில்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: வீடு மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் பத்திரம். எல்லாரும் அப்படித்தானே நினைப்பார்கள்?

இவரிடம் சொல்லவில்லை. இவர் வாயில் எதுவும் நிற்காது. சம்பந்தியம்மா, “வீட்ல எல்லாரும் சௌக்கியமாண்ணே?” என்று கேட்டால், “சௌக்கியம்மா, நேத்துப் புதுசா ஒரு விருந்தாளி வந்திருக்கு” என்பார். ராத்திரி எப்படிப் போனது என்று கேட்காதீங்க. இவர் குறட்டை விட்டார், நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியக்காலை வேன் கிளம்பின பிறகுதான் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அடுப்படியிலிருந்து ஆரம்பிங்க. அந்தச் சிலிண்டர் பின்னால் பாருங்க. மெதுவாக. அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம்.

இல்லையா? நல்லாப் பார்த்தீங்களா?

இந்த ஓட்டை பற்றிச் சொல்லணும் தம்பி. வீடு கட்டுகிறபோது கொத்தனார் கேட்டார், “தண்ணி போக எம்புட்டு வைக்கட்டும்க்கா?” என்று. “நாலு இஞ்சு வைங்க, சோத்துப் பருக்கை அடைக்காம போகணும்” என்றேன். எல்லாம் நான் அளவு சொல்லித்தான் வைத்தது. படி என் முழங்காலுக்கு ஏற்ற உயரம். மேடை என் இடுப்புக்கு. சுவிட்சு நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு எட்டாத உயரம். ஒவ்வொன்றுக்கும் இங்கே நின்று, கையை நீட்டிக் காட்டினேன். மனுசர் அளவுக்கு அளவெடுத்துக் கட்டின வீட்டில் தண்ணீர் போக ஒரு ஓட்டை வைத்தால், அது அதற்கும் சரியான அளவாகப் போய்விடுகிறது. யாருக்காக வைத்தது என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

நாங்கள் முறையில்லாமல் வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இந்த லேஅவுட்டு போட்டபோது இது வெறும் பொட்டல். எங்களுடைய பிளாட்டு கடைசி வரிசை. நட்டநடுவில், இப்போது நீங்க நிற்கிறீங்களே, அதே இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. இவர், “மண்ணுதானே, தள்ளிட்டா ஆச்சு” என்றார். நான் விடவில்லை. பூசாரியைக் கூட்டிவந்தேன். பால் ஊற்றி, முட்டை வைத்து, மஞ்சள் குங்குமம் போட்டேன். பூசாரி சொல்லச் சொல்ல நானே மண்டியிட்டுப் புற்றுக் கண்ணில் வாயை வைத்துச் சொன்னேன்: “தாயி, இது இனிமே மனுசங்க குடியிருக்கப்போற எடம். உனக்கு மூணு நாள் அவகாசம் தர்றேன். ஓம்பிள்ள குட்டிகளோட வேற எடம் பாத்துப் போயிரு.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள்? பக்கத்து பிளாட்டில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள்.

சொன்னது வெள்ளிக்கிழமை. ஜேசிபிக்காரர் திங்கட்கிழமை வர வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து நின்றுவிட்டார். “நாளைக்கு வேற எடத்துல வேலைம்மா. இன்னைக்குத்தான் வண்டி சும்மா இருக்கு. விட்டா பத்து நாளாகும்” என்றார். “மூணு நாள்னு சொல்லியிருக்கமே” என்றேன். “அதுக்கென்ன காலண்டர் தெரியுமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நாள்தானே தம்பி. ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

புற்றுக்குள் ஒன்றும் இல்லை, கறையான்தான் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் அப்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

குளியலறையிலும் இல்லையா? அந்த வாளியைத் தூக்கிப் பார்த்தீங்களா? வாஷிங் மிஷினுக்கு அடியில்?

சரி, கூடத்தைப் பாருங்க. சோபாவை நகர்த்த நானும் பிடிக்கட்டுமா? வேண்டாமா? சரி, தள்ளியே நிற்கிறேன்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் சம்பந்தியம்மாதான். காந்திமதி என்று பேர். நல்ல மனுசிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோதே மாடியில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “என்ன மதினி, எங்கப் பாத்தாலும் முள்ளுக்காடாத் தெரியுது? ராத்திரி நரி கிரி வந்து காலிங் பெல் அடிக்குமா?” என்று கேட்டாள். எல்லார் முன்னாலும். நான் சிரித்து வைத்தேன். வேறே என்ன செய்வது? போன மாதம் பேச்சு வேறே மாதிரி வந்தது. “தலைப்பிள்ளை. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. நீங்க காட்டுக்குள்ள கட்டியிருக்கீங்க. பிள்ளைத்தாச்சிய எப்படி மதினி அனுப்புறது?” என்றாள். பெண்ணைப் பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? எனக்கு இருப்பதே ஒரு மகள். அவளுக்கு வெந்நீர் வைத்து ஊற்றுவதற்கு, பத்தியம் சமைப்பதற்கு என்று நான் ஒரு வருசமாக மனசுக்குள் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ரஞ்சனியே, “எங்கம்மாட்டதான் போவேன்” என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இன்று சம்பந்தியம்மாவும் வண்டியில் கூடவே வருகிறாள். எதற்கு? “ரூமைப் பாத்துட்டு விட்டுட்டுப் போறேன்” என்றாளாம். பரீட்சை தம்பி. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கிற ரகம். ஒரு செதில் அவள் கண்ணில் பட்டால் போதும், ஏற்றி வந்த பையை இறக்காமலே வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாள். என் மகள் திரும்பிப் போய்விடுவாள். இந்தத் தடவை, “சரிம்மா” என்றுகூடச் சொல்ல மாட்டாள்.

எதிர்வரிசைப் பையன்களைக் கூப்பிட்டால் கம்பை எடுத்துக்கொண்டு வந்து ஒரே போடாகப் போட்டிருப்பார்கள். பிள்ளைத்தாச்சி வருகிற வீட்டில் அடிக்கலாமா? அடித்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது. அவள் கண்ணில் படவும் கூடாது. பிள்ளைத்தாச்சி பார்த்தால் அதற்குக் கண் தெரியாமல் போய்விடும் என்பார்கள். அதற்காகவும்தான் சொல்கிறேன். அதன் மேல் எனக்கொன்றும் கோபமில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

நான் இந்த வீட்டைக் காடு மாதிரியா வைத்திருக்கிறேன், நீங்களே சொல்லுங்க. வந்த மூன்று வருசத்தில் ஒரு புல் விட்டதில்லை. கற்றாழையைப் பிடுங்கினேன். மழைக்குத் தவளை வந்தது, உப்பைப் போட்டேன். குளவி கூடு கட்டியது, புகை போட்டேன். கரண்டு மீட்டர் பெட்டிக்குள் குருவி வந்து கூடு வைத்தது. மூன்று தடவை எடுத்துப் போட்டேன், மூன்று தடவையும் வந்து வைத்தது. நாலாவது தடவை டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் அந்த டேப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஒரு கீரி வந்துகொண்டிருந்தது, குடும்பத்தோடு. “இருக்கட்டும்க்கா, நல்லதுதான்” என்றாங்க டீச்சர். நல்லதா? என் செடித்தொட்டி மண்ணையெல்லாம் கிளறிப் போட்டது. வெடியை வாங்கிக் கொளுத்திப் போட்டு விரட்டினேன். அதற்குப் பிறகு எலி வந்தது. எலிக்கு…

இப்போது ஏன் தலையில் கையை வைத்துக்கொள்கிறீங்க?

கீரி போனால் எலி வரும், எலி வந்தால் அது வரும். ம். புத்தகத்தில் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் தம்பி. என் அண்ணன் கல்யாண வேலைக்கு ஆள் பற்றவில்லை என்று நிறுத்தினார்கள், திரும்ப அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனுசர் இருக்கிற இடத்தில் மனுசர் இருக்கணும்.

இருங்க, போன்.

சொல்லுங்க. ஆங், கால் தேவலை. தேவலைங்கிறேன்ல. எங்க வந்துட்டீங்க? கிருஷ்ணன்கோவிலா? ஏன் அதுக்குள்ள? சாப்பிடலையா அங்க? சரி, சரி. அவகிட்ட குடுங்க. தூங்குறாளா? எழுப்பாதீங்க. மெதுவா ஓட்டச் சொல்லுங்க. டிரைவர்ட்ட சொல்லுங்க, பிள்ளைத்தாச்சி இருக்கான்னு, பள்ளத்துல பாத்து எறக்கச் சொல்லுங்க. மெதுவா வாங்க.

கேட்டீங்களா? ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பணும் என்று சம்பந்தியம்மா சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளப்பிவிட்டாளாம். கிருஷ்ணன்கோவில் தாண்டினால் கல்லுப்பட்டி, அப்புறம் இங்கேதான். முக்கால் மணி நேரம்கூட இல்லை.

கூடத்திலும் இல்லை, அடுப்படியில் இல்லை, குளியலறையில் இல்லை. அப்படியென்றால் போயிருக்கும். ஏதாவது ஒரு சந்து இருந்திருக்கும், நான் அடைக்காமல் விட்டது. போயிருக்கும் தம்பி. நீங்களும் கிளம்புங்க. காபி போடட்டுமா?

அந்த ரூமா? அதில் ஒன்றுமில்லை. அது ரஞ்சனிக்காக எடுத்துவைத்த ரூம். நானே பெருக்கித் துடைத்து, புது விரிப்பு விரித்து… கட்டிலும் பீரோவும்தான். கட்டிலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

விரிப்பு தரை வரைக்கும் தொங்குவது அழகுக்குத்தான்.

உட்காருங்க ஒரு நிமிசம். உங்க விரலுக்கு என்ன ஆனது? அது கடித்ததா? ஐயோ. எப்போது? அதற்குப் பிறகும் இந்த வேலைக்குத்தான் போகணுமா? வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?

சரி. சரி தம்பி. சொல்லிவிடுகிறேன். நீங்க எப்படியும் விரிப்பைத் தூக்கத்தான் போறீங்க.

கட்டிலுக்குக் கீழே எங்கள் பழைய வீட்டுக் கதவு இருக்கிறது. இரட்டைக் கதவு, நிலையோடு. பிரித்துப் பலகை பலகையாக அடுக்கியிருக்கிறேன். பக்கத்தில் கொஞ்சம் ஓடு. இவருக்குத் தெரியாது. இங்கே குடி வந்த அன்றே, “இதெல்லாம் எதுக்கு இங்க? பழைய சாமான் கடைக்குப் போட்டுரு” என்றார். போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருசமாக அது அங்கேதான் இருக்கிறது. இவர் குனிந்து எதையும் பார்க்கிற ஆளில்லை.

எங்கள் பழைய வீடு ஊருக்குள், மெயின் ரோட்டில். என் கல்யாணம் அங்கேதான் நடந்தது, ரஞ்சனி பிறந்ததும் அங்கேதான். ஒருநாள் ரோடு அகலப்படுத்துகிறவர்கள் வந்து சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள். கோடு எங்கள் அடுப்படிக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் முன்பக்கம் முழுக்கப் போகிறது, கூடமும் சாமி அறையும் போகிறது. பிறகு ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் அவகாசம். யாரும் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மனுசர் குடியிருக்கிறாரே, கூப்பிட்டு, “அம்மா, இப்படி இருக்கு” என்று சொல்லலாமில்லையா? காகிதத்தை ஒட்டினால் ஆயிற்றா?

சரி, பதினைந்து நாள் என்று நானும் கணக்குப் பண்ணி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் வண்டியோடு வந்து நின்றார்கள். உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது தம்பி. “இன்னும் மூணு நாள் இருக்கே” என்று காகிதத்தைக் காட்டினேன். அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “இன்னைக்குத்தான் வண்டி கெடைச்சது. மூணு நாள்ல என்ன பெருசா செஞ்சிரப் போறீங்க?” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. மூன்று நாள் இருந்திருந்தால் கூரை ஓடுகளையெல்லாம் உடையாமல் இறக்கியிருப்பேன். கிணற்றடிக் கல்லைப் பெயர்த்திருப்பேன். கடைசியில் நானும் ரஞ்சனியுமாக இந்தக் கதவைத்தான் பெயர்த்து இழுத்தோம். அவளுக்கு அப்போது உள்ளங்கை கிழிந்தது, தழும்பு இருக்கிறது. குடியிருந்தவர்களிடம் அப்படிச் சிரிப்பவர்களை என்ன சொல்வது? அவர்களுக்கும் வீடு வாசல் இருக்காதா?

இன்றைக்கும் தூக்கத்தில் எழுந்தால் நான் இடது பக்கம்தான் திரும்புகிறேன். பழைய வீட்டில் அங்கேதான் வாசல். இங்கே இடது பக்கம் சுவர். எத்தனை தடவை நெற்றியில் இடித்துக்கொண்டிருப்பேன். இவர் சிரிப்பார். “கோட்டி பிடிச்சவளே, வருசம் மூணாச்சு” என்பார். காலுக்கு வருசம் தெரியுமா?

என்ன சொன்னீங்க? அதுவும் அப்படித்தான், பழகின தடத்தை விடாது என்றா? அது வேறே தம்பி. அது பாட்டுக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதற்கென்ன பட்டாவா, ரேஷன் கார்டா.

கதவை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். மாப்பிள்ளை ஒரு பிளாட்டு வாங்கியிருக்கிறார். பைபாஸ் தாண்டி, மூடிக் கிடக்கிற பழைய செங்கல் சூளை இருக்கிறதே, அதற்குப் பின்னால். இங்கேயிருந்து பத்து நிமிசம். போன மாதம்தான் பதிந்தது. சம்பந்தியம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை, அது தனிக் கதை. மனைவி மாசமாக இருக்கும்போது வீடு ஆரம்பிக்கக் கூடாது என்று காத்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் பூமி பூஜை. அந்த வீட்டுத் தலைவாசலுக்கு இந்தக் கதவைத்தான் மாட்டணும் என்று இருக்கிறேன். பிறந்த வீட்டுக் கதவு. ரஞ்சனியிடம்கூடச் சொல்லவில்லை. பார்த்தால் அவள் கையிலிருக்கிற தழும்பே அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

பலகையை இழுங்க. பார்த்து, கீறல் விழாமல். ஒவ்வொன்றாக இழுங்க.

நான் வாசற்படியிலேயே நிற்கிறேன்.

என்ன? என்ன தெரிகிறது?

இருக்கிறதா?

ஐயோ தாயே. படம் எடுக்கிறதே. ஏன் இப்படிச் சீறுகிறது, குக்கர் மாதிரி? தம்பி, கையைக் கொண்டு போகாதீங்க. அந்த விரல். பார்த்து, பார்த்து. நான் பேசவில்லை. பேசவில்லை.

…

போட்டாச்சா? முடிச்சுப் போட்டுவிட்டீங்களா? நல்லா இறுக்கிப் போடுங்க. அம்மாடி. என் காலைப் பாருங்க, உண்மையிலேயே வலிக்கிறது இப்போது.

அது என்ன கையில்? வெள்ளையாக, வெங்காயத் தோல் மாதிரி?

சட்டையா? அது உரித்ததா? இரண்டா? ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால்? நேற்றுத்தானே வந்தது. நான் என் கண்ணால் பார்த்தேனே, நேற்று நாலு மணிக்கு.

மாசக்கணக்கிலா?

இல்லை, இருங்க. நான் தினமும் மத்தியானம் இந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். மின்விசிறிக் காற்று இங்கேதான் நல்லா வரும். ஒரு மணி நேரம் தூங்குவேன், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. கையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் தம்பி படுப்பேன். அப்போதெல்லாம் கீழே இதுவும்…

தினமும் அந்த ஓட்டை வழியாகப் போய் வந்துகொண்டிருந்ததா. நான் பாத்திரம் தேய்க்கிற நேரமும் அது வெளியே போகிற நேரமும் வேறே வேறே. அவ்வளவுதானா. என்னை ஒன்றும் செய்யவில்லையே. நேற்றுச் சிமெண்டு வைத்து அடைத்த பிறகுதான் அது மாட்டிக்கொண்டது. நான் ராத்திரி முழுக்கக் காலைத் தூக்கி உட்கார்ந்திருக்க, அது இந்தக் கதவுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததா?

அந்தச் சட்டையைக் கொடுங்க. இல்லை, வேண்டாம், நீங்களே எடுத்துப் போங்க. சம்பந்தியம்மா கண்ணில் பட்டால் அவ்வளவுதான். தரையில் ஏதாவது கிடக்கிறதா பாருங்க. பலகையை நான் தள்ளிக்கொள்கிறேன். நீங்க இந்த முனையை மட்டும் பிடிங்க. ஆங், அப்படி.

இதை எங்கே கொண்டுபோய் விடுவீங்க? தூரமாகத்தானே? ரொம்பத் தூரமாக விடுங்க. மலைப்பக்கம் போனால் புண்ணியமாகப் போகும்.

ஏன் கூடாது? தெரியாத இடத்தில் விட்டால் பிழைக்காதா? தண்ணீர் எங்கே, இரை எங்கே, எந்தப் பொந்து என்று தெரியாமல் அலைந்தே செத்துவிடுமா. ம். அது சரிதான். எனக்கு இந்த லேஅவுட்டில் பால் பூத் எங்கே இருக்கிறது என்று தெரியவே ஆறு மாசம் ஆனது.

அப்படியென்றால் பக்கத்தில் எங்கே விடுவீங்க? முள்ளுக்காடாக மிச்சம் இருக்கிற இடம் எது?

எங்கே?

செங்கல் சூளைக்குப் பின்னாலா?

அங்கேதான் எப்போதும் விடுவீங்களா. இதுவரை பிடித்ததெல்லாம் அங்கேயா. எத்தனை இருக்கும்?

வேறே இடமே இல்லையா தம்பி? கண்மாய்க் கரை? அங்கே வீடு வந்துவிட்டது, சரி. ஓடைப் பக்கம்? அங்கேயும் கல் ஊன்றிவிட்டார்களா. ரயில்வே லைன் ஓரம்? யோசித்துச் சொல்லுங்க. இந்த ஊரில் இன்னும் யாரும் அளவெடுக்காத இடம் ஒன்றுகூடவா இல்லை?

போனா? எடுக்க வேண்டாம், இவர்தான். ஹார்ன் சத்தம் கேட்கிறதே. தெருமுனை திரும்பிவிட்டார்கள். வெள்ளை வேன்தான். முன்சீட்டில் சம்பந்தியம்மா. ரஞ்சனி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்துவிட்டாள், கை நிறைய வளையல் தெரிகிறது. என்னைத் தேடுகிறாள்.

நீங்க பின்வாசலில் போங்க. பையைத் தரையில் வைக்காதீங்க, மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்க. அசைகிறது பாருங்க. பாவம், மூச்சு முட்டாதே? அடுப்படி ஓட்டையில் இருக்கிற சிமெண்டை நானே கம்பியால் குத்தி எடுத்துவிடுகிறேன், தண்ணீர் போகணுமில்லையா. அந்தச் செருப்பை எடுத்துக் கொடுங்க. இல்லை, நான் போட்டிருக்கிறேனே. கழற்றணும். செருப்போடு வாசலில் நின்று ஆரத்தி எடுத்தால் நல்லா இருக்காது.

ஒன்றே ஒன்று தம்பி. போன் பண்ணி, எங்கே விட்டேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீங்க. நீங்க எங்கே விட்டாலும் சரி. ரொம்பத் தூரம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.